நான் மயங்கி விழவில்லை, மகனே

அன்பு மகனுக்கு அம்மா எழுதுகிறேன். முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றது ஒன்றும் உனக்கு விளங்காது. பொங்கல் முடிந்த கையோடு எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் ஒரு சாவு விழுந்தது. அந்தச் செத்த வீட்டில் நான் மயங்கி விழுந்ததாக உனக்குச் செய்தி வந்ததல்லவா, அது பொய். நான் மயங்கி விழவில்லை. நித்திரை கொண்டேன். ஒப்பாரி சொல்லும் பெண்களுக்கு நடுவில், பாயின் விளிம்பில், பக்கத்து வீட்டுப் பூமணி அக்காவின் தோளில் சாய்ந்து நல்லாகவே நித்திரை கொண்டேன். குறட்டையும் விட்டேன். ஒப்பாரி சொன்னவள் இரண்டு தரம் நிறுத்திப் பார்த்தாளாம். மூன்றாம் தரம் பூமணி அக்கா என் விலாவில் ஓர் இடி இடித்தார். நான் அவருடைய மடியில் சரிந்து, அங்கிருந்து தரைக்குப் போனேன். "இவ மயங்கித்தாகா, தண்ணி கொண்டாங்க" என்று யாரோ சொல்ல, முகத்தில் தண்ணீர் விழுந்தது. கண்ணைத் திறந்து சுற்றிப் பார்த்தேன். செத்த வீட்டில் குறட்டை விட்டவள் என்ற பேரோடு சாகும்வரை இந்த ஊரில் இருப்பதா, மயங்கி விழுந்தவள் என்ற பேரோடு இருப்பதா என்று யோசிக்க எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. கண்ணைத் திரும்ப மூடிக்கொண்டேன்.

அந்தப் பொய்க்குக் கால் முளைத்துவிட்டது. இங்கே வாவியில் ஆட்களைக் கடத்தும் பாதைப் படகு ஓடும் நாளைவிட ஓடாத நாள்தான் கூட. பாதை ஓடினாலும் தபால் ஓடாது. ஆனால் பொய்க்குப் பாஸும் வேண்டாம், ஆமிச் சாவடியில் வரிசையும் வேண்டாம். அது மெதுவாக நடந்து, வாவியைக் கடந்து, பஸ் ஏறி, மலை ஏறி, உன் கம்பஸ் வாசலுக்கு வந்து, "அம்மாவுக்குக் கடும் வருத்தம்" என்று சொல்லியிருக்கிறது. போன கிழமை உன் கடிதம் வந்தது. படிப்பை நிறுத்தப் போகிறாய், மாத முடிவில் பெட்டியோடு வந்து சேருவாய், அம்மாவைவிட ஒரு பட்டம் பெரிதில்லை என்று எழுதியிருந்தாய். மூன்று தரம் வாசித்தேன். முதல் தரம் பெருமையாக இருந்தது. இரண்டாம் தரம் மாத முடிவுக்கு எத்தனை நாள் என்று விரலில் எண்ணினேன். மூன்றாம் தரம், மகன், வெட்கத்தில் கடிதத்தை மடித்து மடித்துச் சுருட்டுப்போல ஆக்கிவிட்டேன். பூமணி அக்காவுக்கும் உன் அப்பாவுக்கும் மட்டும் உண்மை தெரியும். என் குறட்டையைப் பக்கத்தில் படுத்து இருபத்து நாலு வருசம் கேட்டவரை மயக்கம் என்று சொல்லி ஏமாற்ற முடியுமா. அவர் உன் கடிதத்தை வாசித்துவிட்டு மண்வெட்டியை எடுக்காமலே வயல் வட்டைக்குப் போய், வரம்பில் சும்மா குந்தியிருந்துவிட்டுத் திரும்பி வந்தார். வந்து ஒரே ஒரு சொல்தான் சொன்னார்: "பொய்யச் சொன்ன ஆள்தான் எழுதணும்."

ஆகவே எழுதுகிறேன். நீ வரக்கூடாது. இந்தச் சண்டைக் காலத்தில் உன் வயதுப் பிள்ளைகள் துறையடியில் இறங்கினால் எத்தனை கண்கள் எண்ணுகின்றன என்று உனக்கு நான் எழுதத் தேவையில்லை. இந்தக் கரையிலும் எண்ணுவார்கள், அந்தக் கரையிலும் எண்ணுவார்கள். அதை நினைத்துத்தான் உன்னை அவ்வளவு தூரம் அனுப்பினோம். ஒரு குறட்டையை நம்பி நீ திரும்பி வந்து, உனக்கு ஏதும் ஒன்றாகிவிட்டால், அதற்குப் பிறகு நான் எந்தச் செத்த வீட்டிலும் நித்திரை கொள்ள மாட்டேன். வீட்டிலும் கொள்ள மாட்டேன். அதனால் பெட்டியை அடுக்கியிருந்தால் அவிழ்த்துவிட்டு, இந்தக் கடிதத்தைக் கடைசிவரை வாசி. நான் இப்போது எவ்வளவு சுகமாக இருக்கிறேன், அது எப்படி வந்தது என்று சொல்கிறேன். அந்தக் கதையில் பாதி உன்னுடையது. உனக்கே அது தெரியாது.

எனக்குச் சீனி வருத்தம், டொக்டர்மார் பாஷையில் நீரிழிவு, என்று கண்டுபிடித்தது நீ பெரிய சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்த காலம். குளிசை தந்தார்கள், குடித்தேன். நீ கம்பஸுக்குப் போனபிறகு உடம்பு வேறொரு திக்கில் போகத் தொடங்கியது. காலையில் எழும்பும்போதே ஒரு வட்டையை வெட்டிமுடித்த களைப்பு. நெல் அவிக்கிற பீப்பாய்க்குப் பக்கத்தில், நெருப்புக்கு முன்னால் நிற்கும்போதே குளிர்ந்தது. சித்திரை வெயிலில் உன் அப்பாவின் பழைய முழுக்கைச் சேட்டை என் சட்டைக்கு மேலே போட்டுக்கொண்டு நின்றேன். தலைமயிர் சீப்போடு போனது. குரல் ஆம்பிளைக் குரலாகி, வாசலில் நின்று கோழியைக் கூப்பிட்டால் அப்பா உள்ளே இருந்து "ஆர் வந்திரிக்கிற?" என்று கேட்பார். எல்லாம் சீனி செய்கிற வேலை என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். சோற்றைக் குறைத்தேன். பிறகு ராச்சோற்றை நிறுத்தினேன். பூமணி அக்கா தினமும் ஒரு கோப்பை பாகற்காய்ச் சாறு கொண்டுவந்து, நான் விழுங்கி முடிக்கும்வரை காவல் நின்றார். ஊருக்கெல்லாம் நெல் அவித்துக் குத்தி அரிசி கொடுக்கிறவள் குரக்கன் மாவைக் கிண்டித் தின்றேன். அப்படியும் நிறை கூடியது. பூமணி அக்கா என்னைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "நீ களவாத் திங்கிறாய்கா, மறுகா என்னத்துக்கு என்ர பாகற்காயை வீணாக்குறாய்" என்றார். களவாகத் தின்னவில்லை. அதாவது, கிழமையில் இரண்டு தரத்துக்கு மேல் தின்னவில்லை.

ஐப்பசியில் பாஸ் புதுப்பிக்கப் படம் வேண்டும் என்று மண்முனைத்துறையால் கடந்து காத்தான்குடிக்குப் போனேன். படம் பிடிக்கிற முஸ்லிம் காக்கா இரண்டு தரம் கமராவுக்குள் பார்த்துவிட்டு, "முகத்த ஏன் உப்பிப் புடிச்சிரிக்கீங்க, மூச்ச விடுங்க" என்றார். "விட்டுக்கொண்டுதான் இரிக்கன்" என்றேன். அவர் பாவம், கமராவை அழுத்தினார். மிஞ்சிய ஒரு பிரதியை அம்மாவின் நினைவுக்கு இருக்கட்டும் என்று உனக்கு அனுப்பினேன். நீ என்ன மறுமொழி எழுதினாய்? "அம்மா, உங்கள் புருவத்தின் வெளிப்பக்கம் எங்கே போனது?" பெற்ற தாயின் படத்தைப் பார்த்து ஒரு பிள்ளை கேட்கிற கேள்வியா அது. அதோடு எட்டுப் பக்கத்துக்குக் கழுத்துச் சுரப்பி, தைரொயிட்டு, கலம், இழைமணி என்று படமெல்லாம் கீறி அனுப்பியிருந்தாய். நான் முதல் பக்கத்தோடு கோபித்துக்கொண்டு, மிச்சத்தை அரிசிப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். நாலு நாள் ஒழுங்கை முழுவதும் "பெத்த தாயின்ர புருவத்தை அளக்கிறான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஐந்தாம் நாள் அப்பா விளக்கை என் முகத்துக்கு நேரே பிடித்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "முந்தி இரிந்ததுதானே" என்றார். இருபத்து நாலு வருசத்தில் அவர் என் முகத்தைப் பற்றிச் சொன்ன இரண்டாவது விசயம் அது. முதலாவதை உனக்குச் சொல்ல மாட்டேன்.

அப்படியும் நான் அசையவில்லை. செத்த வீட்டுக் குறட்டைதான் என்னை அசைத்தது. மயங்கி விழுந்தவள் என்று பேர் எடுத்தபிறகு வீட்டில் சும்மா இருக்க ஊர் விடுமா. பூமணி அக்காவே கூட்டிக்கொண்டு பாதை ஏறினார். டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டொக்டர்ப் பிள்ளை. உன்னைவிட நாலைந்து வயதுதான் மூப்பாக இருக்கும். எனக்குப் பின்னால் வந்து நின்று கழுத்தைத் தடவி, "தண்ணி குடிச்சு விழுங்குங்க அம்மா" என்றாள். பிறகு ஒரு கதிரையில் முழங்காலிட வைத்து, குதிக்காலுக்கு மேலே சின்னச் சுத்தியலால் தட்டினாள். கால் துள்ளியது, ஆனால் திரும்பி வருவதற்கு யோசித்து யோசித்து வந்தது. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எவ்வளவு நாளா அம்மா இந்தக் குரல்?" என்று கேட்டாள். நான் சொன்னேன்: "மகன் எழுதினவன், தைரொயிட்டைப் பாக்கச் சொல்லி." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "மகன் டொக்டரா?" "இல்ல, உயிரியல் படிக்கிறான். என்ர புருவத்தைப் பாத்துக் கண்டுபிடிச்சவன்." அந்த இடத்தில், மகன், எனக்கு உன்மேல் இருந்த கோபம் தீர்ந்து, என்னைவிடப் பெருமைக்காரி அந்த ஆஸ்பத்திரியில் ஒருத்தியும் இருக்கவில்லை. இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். முடிவு வர மாசி முடிந்துவிட்டது. நீ சொன்னதுதான். கழுத்துச் சுரப்பி வேலையை நிறுத்திக் கனநாளாகிவிட்டதாம்.

ஒரு குளிசை தந்தாள், அரிசிக் குருணலைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். விடிய எழும்பியவுடன் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்க வேண்டும், அரை மணித்தியாலத்துக்குத் தேத்தண்ணியைத் தொடக்கூடாது. அந்த அரை மணித்தியாலத்தில் செய்வதற்கு ஒன்றுமில்லாமல்தான் உன் எட்டுப் பக்கத்தை அரிசிப் பெட்டியிலிருந்து எடுத்தேன். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள் நான், ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான் போனது. நீ கீறியிருந்த இழைமணியின் படத்தைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தேன், விளங்கவில்லை. அன்று அடுப்புக்கு உமி போட்டுக்கொண்டிருக்கும்போது சடாரென்று விளங்கியது. உமிக் கடகத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் அப்பாவை எழுப்பினேன். "இஞ்சாருங்க, என்ர உடம்புக்குள்ள இரிக்கிறது நம்மட உமியடுப்புத்தான்" என்றேன். அவர் மறுபக்கம் திரும்பிப் படுத்தார்.

நீயாவது கேள். பிழை இருந்தால் திருத்தி எழுது. பீப்பாயில் நெல் அவிய உமி வேண்டும், காற்று வேண்டும், கிளறிவிடக் கம்பியோடு ஓர் ஆள் வேண்டும். உமிதான் நாம் தின்னும் சோற்றிலிருந்து வரும் சீனி. அடுப்புத்தான் உன் இழைமணி. உடம்பின் ஒவ்வொரு பொட்டுக்குள்ளும் எண்ண முடியாத அடுப்புகள் எரிந்துகொண்டிருக்கின்றன. கழுத்துச் சுரப்பி அனுப்புகிற ஓமோன்தான் கம்பி பிடித்த பெண். எந்த அடுப்பை எவ்வளவு கிளறுவது, புதிதாக எத்தனை அடுப்புக் கட்டுவது என்று அவள்தான் பார்க்கிறாள். சீனி வருத்தக்காரியின் வீட்டில் கதவு சரியாகத் திறக்காது, உமி வாசலில் மலையாகக் குவிந்து கிடக்கும். உள்ளே போகிற இடங்களிலோ அளவுக்கு மிஞ்சிப் போய் அடைத்துக்கொள்ளும். உமியை அடைத்த அடுப்பு என்ன செய்யும்? புகையும், பொறி பறக்கும். அந்தப் புகைக்கும் பொறிக்கும்தான் நீ 'ஒட்சியேற்ற நெருக்கீடு' என்று பேர் எழுதியிருக்கிறாய். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் பேருக்குப் பின்னால் போடலாம் போல இருக்கிறது. கூரை கறுக்கிறதுபோல அது கண்ணையும் சிறுநீரகத்தையும் கால் நரம்பையும் மெல்ல மெல்லக் கறுப்பாக்குமாம். ஈரச்சாக்கோடு நின்று பொறியை அணைக்கிறவர்களும் உடம்பில் இருக்கிறார்களாம். புகை கூடிக்கூடி வந்தால் அவர்களும் களைத்துப்போவார்களாம். என் வீட்டில் அதற்கு மேல் கம்பிக்காரியும் படுத்துவிட்டாள். உமி கிடக்கிறது, அடுப்புகள் கிடக்கின்றன, கிளற ஆளில்லை. எனக்கு ஏன் நெருப்புக்கு முன்னால் குளிர்ந்தது என்று இப்போது தெரிகிறதா? நான் சோற்றைக் குறைத்ததும் பாகற்காய் குடித்ததும் வாசலில் கிடந்த உமியை அள்ளின வேலை. படுத்தவளை ஒருவரும் எழுப்பவில்லை.

மூன்றாம் கிழமை வெயில் சுட்டது, மகன். நெற்றியிலிருந்து வியர்வை ஒழுகி வாயில் உப்புக் கரித்தபோது நான் நின்று அதை ருசித்தேன். அப்பாவின் சேட்டைத் திருப்பிக் கொடுத்தேன். கோழி என் குரலை அடையாளம் கண்டு ஓடிவந்தது. நெல் அவிக்க வருகிற பெண்களுக்கெல்லாம் அடுப்பைக் காட்டி இழைமணி படிப்பித்தேன். பூமணி அக்கா மட்டும் பாகற்காயை விட்டுக்கொடுக்க மனமில்லாமல், "அப்ப என்ர சாறு என்னகா செய்தது?" என்றார். "அது ஈரச்சாக்கோட நிண்டிருக்கும் அக்கா" என்றேன். சந்தோசமாகப் போனார். அது உண்மையோ பொய்யோ நீதான் படித்துச் சொல்ல வேண்டும்.

இப்போது என் இரண்டாவது பிழையைச் சொல்லவேண்டும். நன்றாக வருகிற காரியத்தை இன்னும் வேகமாக்கப் பார்க்கிறது எங்கள் தொழிலின் பழக்கம். ஆவி மெதுவாக வந்தால் இன்னொரு கடகம் உமி தள்ளுவோம். சித்திரையில் அறுவடை நெல் வந்து முற்றத்தில் குவிய, ஒரு குளிசை இவ்வளவு செய்தால் இரண்டு எவ்வளவு செய்யும் என்று நான் கணக்குப் போட்டேன். இரண்டிரண்டாக விழுங்கினேன். முதல் கிழமை நான் ராணி. ஒரே நாளில் மூன்று பீப்பாய் அவித்தேன். வேலியைக் கட்டினேன், கிணற்றை இறைத்தேன், அப்பாவோடு ஒரு காரணமும் இல்லாமல் இரண்டு சண்டை பிடித்தேன். பிறகு நெஞ்சு படபடவென்று அடிக்கத் தொடங்கியது. கை நடுங்கிச் சுளகில் அரிசி தானாகவே கொழிபட்டது. படுத்தால் கண் மூடாது. அப்பா பூமணி அக்காவிடம் போய், "முந்தி எழுப்ப ஒண்ணா, இப்ப படுக்க வைக்க ஒண்ணா" என்று முறையிட்டிருக்கிறார். பாதை ஓடிய முதல் நாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். டொக்டர்ப் பிள்ளை நாடியைப் பிடித்துவிட்டு, குளிசைப் பைக்கற்றை எண்ணினாள். எண்ணி முடித்து என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"ஏன் அம்மா ரெண்டு?"

உமியடுப்புக் கதை முழுவதையும் சொன்னேன். அவள் இடையில் குழப்பாமல் கேட்டாள். பிறகு, "அடுப்பு சரி. ஆனா கம்பிக்காரி ரெண்டு பேர் நிண்டு இரவு பகலாக் கிளறினா என்ன நடக்கும்?" என்று கேட்டாள். எனக்கு அதற்கு மறுமொழி தெரியும். உமி பறக்கும், பொறி கூரைக்கு ஏறும். படுத்தாலும் புகை, துள்ளினாலும் பொறி. என் சீனியும் அந்த இரண்டு குளிசைக் காலத்தில் மேலே போயிருந்தது, நான் வாசலைக் கூட்டிக் கொண்டிருக்கிறேன் என்று நினைத்த நாட்களில். அவள் கோபித்திருந்தால் எனக்கு நோகாது. அவள் மெதுவாக, "இதயம் நிண்டுபோனா நான் உங்கட மகனுக்கு என்ன எழுதுற அம்மா?" என்று கேட்டாள். அன்றைக்கு வாவியைக் கடந்து வரும்போது நான் பூமணி அக்காவோடு ஒரு சொல் கதைக்கவில்லை. அவர் நான் திரும்ப நித்திரையாகிவிட்டேன் என்று நினைத்து விலாவில் இடித்தார்.

அன்றிலிருந்து ஒன்றே ஒன்று. போன மாதம் திரும்ப இரத்தம் பார்த்தார்கள். கழுத்து வேலை அளவாக இருக்கிறது, சீனியும் இறங்கியிருக்கிறது. உனக்குப் பொய் சொல்லிக் களைத்துவிட்டேன், அதனால் மிச்சத்தையும் சொல்கிறேன். சீனி போகவில்லை, போகாது. இந்தக் குருணல் குளிசையும் சாகும்வரை. வருசத்துக்கொரு தரம் கண்ணையும் காலையும் காட்டச் சொல்லியிருக்கிறாள். பாதை நிற்கும் நாட்களுக்கென்று துண்டு எழுதி இரண்டு மாதக் குளிசை சேர்த்துத் தருகிறாள், சாவடியில் அதைக் காட்டிக் கொண்டுவருகிறேன். பயப்படவேண்டிய அளவுக்குப் பயப்படுகிறேன், அதற்கு மேல் இல்லை. நீயும் அப்படி இரு. என்னைப் பற்றி யார் என்ன சொன்னாலும், பெட்டியை அடுக்கமுன் எனக்கு எழுதிக் கேள். நான் இனிமேல் குறட்டையைக் குறட்டை என்றே எழுதுகிறேன். நீயும் பட்டினி கிடந்தால் பட்டினி என்று எழுது, சோதனையில் வழுக்கினால் வழுக்கினேன் என்று எழுது. ஒரு வீட்டில் ஒரு பொய்க்காரி போதும். அங்கே இரண்டு நாள் வேலையை ஓர் இரவில் முடிக்கப் பார்க்காதே, அந்தப் பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நீ அங்கே இருந்தபடியால்தான் என் புருவம் உன் கண்ணில் பட்டது. இங்கே இருந்திருந்தால் எங்களைப்போல ஒவ்வொரு நாளும் பார்த்துப் பார்த்து ஒன்றும் காணாமல் இருந்திருப்பாய். ஆகவே அங்கேயே இருந்து படி. படித்து முடித்துவிட்டு, இந்தக் கரையில் இன்னும் எத்தனை பெண்கள் பாகற்காய் குடித்துக்கொண்டு குளிர்ந்துபோய் நிற்கிறார்கள் என்று எனக்குச் சொல். நான் அவர்களைப் பாதையில் ஏற்றுகிறேன்.

இவ்வளவையும் எழுதி அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். சும்மா சொன்னால் நீ நம்பமாட்டாய், நான் சுகமென்பதற்குச் சாட்சி வேண்டும் என்றார். முற்றத்தில் விரித்த படங்கில் காய்ந்த அவியல் நெல்லைச் சாக்கில் அள்ளி வைத்திருந்தோம். போன வருசம் இருவர் தூக்கிய சாக்கு. நான் தனியே தூக்கினேன். தூக்கிக்கொண்டு கிணற்றடி வரைக்கும் நடந்தேன். அங்கே கிணற்றுக் கட்டின்மேல் ஒரு கணம் இறக்கி வைத்து, அப்பா பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்தேன். பார்த்தார். சாக்கின் வாயைக் கட்டியிருக்கவில்லை. சாக்கு சரிந்து நெல் முழுவதும் கிணற்றுக்குள் போய்விட்டது. இப்போது அப்பா கடகத்தோடு உள்ளே இறங்கியிருக்கிறார். நான் கிணற்றுக் கட்டின்மேல் இருந்து இந்தக் கடைசி வரிகளை எழுதுகிறேன். பாதி நெல் மிதக்கிறதாம், பாதி அடியில் இருக்கிறதாம். நாலு நாளைக்குப் பூமணி அக்கா வீட்டில் தண்ணீர் அள்ளவேண்டும். சாட்சியாக ஏதாவது சொல்லுங்கள் என்று குனிந்து கேட்டேன். "அம்மாவுக்கு நல்ல சுகம் எண்டு எழுது" என்று உள்ளே இருந்து சொல்கிறார்.